இந்திராணி அம்மாளை எந்தப் பக்கத்தில் போட்டேன்

புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் பிரிவில் கேட்டார்கள். நாலு வார்த்தையில் முடியாது என்றேன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், நாங்கள் வெட்டிக்கொள்கிறோம் என்றார்கள். நான் மலேசியாவின் ஜொகூர் மாநில நிருபராக இருந்த காலம் முழுக்க அவர்கள் என்னிடம் சொன்னதும் இதுதான்.

பேட்டி எடுப்பது எப்படி, கூட்டத்தில் எங்கே நின்றால் படம் கிடைக்கும், கோயில் தகராறு என்றால் இரண்டு தரப்பிலும் காப்பி குடிக்காமல் எப்படித் தப்பிப்பது, இதெல்லாம் ஆறு மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். என் தவறுகளைச் சொல்கிறேன். அந்தத் துறையில் எனக்கு அனுபவம் அதிகம்.

முதலில் ஒரு சின்னத் தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே நாளில் நடந்த இரண்டு கல்யாணங்களின் விவரத்தை மாற்றி எழுதிவிட்டேன். மூவார் மாப்பிள்ளை குளுவாங் பெண்ணைக் கட்டிக்கொண்டதாகவும், குளுவாங் மாப்பிள்ளை மூவார் பெண்ணைக் கட்டிக்கொண்டதாகவும் அச்சில் வந்துவிட்டது. மறுநாள் திருத்தம் போட்டோம். இரண்டு வீட்டாரும் திட்டினார்கள், பிறகு சிரித்தார்கள். ஒரு மாப்பிள்ளையின் அம்மா மட்டும், பேப்பரில் வந்த மாதிரியே நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எந்தத் தவறையும் மறுநாள் ஒரு திருத்தம் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போது வந்தது. பல வருஷம் அந்த எண்ணத்தோடு நிம்மதியாக வேலை பார்த்தேன்.

இனிப் பெரிய தவறு.

எங்கள் ஜொகூர் பாரு அலுவலகம் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்தது. செய்தி, விளம்பரம், மரண அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மேசை. அந்த மேசை என்னுடையது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஓர் அப்பாவும் மகளும் படியேறி வந்தார்கள். அவர் கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் இருந்தது. சுவரிலிருந்து அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தார், மாட்டும் கம்பி பின்னால் தொங்கியது. வழக்கமாக அப்படி வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். மரண அறிவிப்புப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

மகள் அதைப் பார்த்துவிட்டு, "அது இல்ல ஆன்ட்டி. அம்மாவக் காணோம்" என்றாள்.

படிவத்தை எடுத்து உள்ளே வைத்தேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அவர் பெயர் ஆறுமுகம். கூலாய்க்காரர். மகள் மாலதி, கல்யாணமாகிப் பெர்மாஸ் ஜெயாவில் இருந்தாள், தினமும் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். காணாமல் போனவர் ஆறுமுகத்தின் மனைவி இந்திராணி. ஐம்பத்திரண்டு வயது. சினாய் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை. செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, தொழிற்சாலை பஸ் வரும் முச்சந்திக்கு நடந்து போயிருக்கிறார். பஸ் வந்தபோது அவர் அங்கே இல்லை. இன்றைக்கு லீவு போலிருக்கிறது என்று டிரைவர் போய்விட்டார். வீட்டிலிருந்து முச்சந்திக்கு ஐந்து நிமிஷ நடை. அந்த ஐந்து நிமிஷத்துக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கைப்பேசி வீட்டில் குளிர்பெட்டி மேல் சார்ஜில் கிடந்தது.

"சண்ட கிண்ட ஏதும்..." என்று இழுத்தேன்.

"ஒன்னும் இல்லங்க மேடம்" என்றார் ஆறுமுகம். "முத நாளு ராத்திரி தோசைக்கு மாவு கூட ஆட்டி வச்சிருந்தா. சாப்பாட்டு டப்பாவ எடுத்துட்டுத்தான் போயிருக்கா. வேற எங்கயாச்சும் போறதா இருந்தா டப்பா எதுக்கு மேடம்?"

இந்த டப்பா விஷயத்தை அவர் அந்த அரை மணி நேரத்தில் நாலைந்து முறை சொன்னார். போலீஸில் புகார் கொடுத்திருந்தார்கள், ஆஸ்பத்திரிகளில் பார்த்திருந்தார்கள், சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பிலும் போட்டிருந்தாள் மாலதி. அது ஆயிரம் பேருக்குப் போய், ஆயிரம் பேரும் கும்பிடும் கை படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

படத்தைப் பார்த்தேன். மாலதியின் கல்யாணத்தில் எடுத்தது. பட்டுப்புடவை, பெரிய பொட்டு, தலை நிறையப் பூ, நேராகப் பார்க்கும் முகம். வேலைக்குப் போகிற மாதிரி சாதாரணப் படம் இல்லையா என்று கேட்டேன்.

"அம்மாதான் ஆன்ட்டி எப்பவும் எங்கள எடுப்பாங்க. தேடிப் பாத்தேன். அவங்க ஒரு படத்துலயும் இல்ல. ஒன்னுல வெரல் மட்டும் இருக்கு" என்றாள் மாலதி. சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை அழவில்லை.

போகும்போது படியில் நின்று, "நாளைக்கே வந்துருமா ஆன்ட்டி? நாளாச்சுன்னா பாத்தவங்க மறந்துருவாங்க" என்று கேட்டாள்.

"வரும்" என்றேன். பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னாலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். இதையும் செய்யாதீர்கள்.

இடம் இல்லை. கோலாலம்பூர் தலைமையகத்தில் பக்கம் போடுகிறவள் சுபா என்ற பெண். நல்ல வேலைக்காரி, அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு ஓர் அமைச்சர் மூன்று ஊரில் ஒரே பேச்சைப் பேசியிருந்தார், மூன்றையும் போட்டாக வேண்டும் என்றாள். இந்திராணி அம்மாளின் செய்தி படமில்லாமல் பதினாலாம் பக்கத்து மூலையில் நாலு வரி போகும், இல்லையென்றால் படத்தோடு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

நம் பேப்பரில் எல்லாரும் முதலில் திருப்பும் பக்கம் எது என்று உங்களுக்குத் தெரியும். முதல் பக்கம் இல்லை, விளையாட்டும் இல்லை. கண்ணீர் அஞ்சலி, முதலாண்டு நினைவஞ்சலி, கருமக்கிரியை அறிவிப்பு எல்லாம் வரும் பக்கம்தான். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் காலையில் அந்தப் பக்கத்தைப் பார்த்து, தெரிந்தவர் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் நாட்டு நடப்புக்கு வருவார்கள். சிலர் நாட்டு நடப்புக்கு வருவதே இல்லை. அந்தப் பக்கத்தில் அன்று ஓர் இடம் காலியாகியிருந்தது எனக்குத் தெரியும். பொந்தியான்காரர் ஒருவரின் பதினாறாம் நாள் அறிவிப்பு, மண்டபம் கிடைக்காததால் கடைசி நேரத்தில் நின்றுபோயிருந்தது. நானே அனுப்பிய அறிவிப்பு அது.

"அதுல போடு சுபா. நடுவுல. பெருசா."

"அக்கா, அது செத்தவங்க பக்கம்க்கா."

"அதான் எல்லாரும் பாக்குற பக்கம். கறுப்புக் கட்டம் போடாத. குத்துவிளக்கு போடாத. மேல 'காணவில்லை'ன்னு கொட்டை எழுத்துல போட்டுடு."

"எதுக்கும் ஆசிரியர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டுமாக்கா?"

"நான் பேசிக்கிறேன். நீ போடு" என்றேன். ஆசிரியரிடம் நான் பேசவில்லை. இவ்வளவு நல்ல யோசனைக்கு எதற்கு அனுமதி என்று நினைத்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது என்மேல் எனக்கே மரியாதை வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பேப்பர் வந்தது. சுபா சொன்னபடி செய்திருந்தாள். கறுப்புக் கட்டம் இல்லை, விளக்கு இல்லை, 'காணவில்லை' என்று கொட்டை எழுத்து, கீழே நீலத் தொழிற்சாலைச் சட்டை அணிந்திருந்தார் என்ற அடையாளம், மாலதியின் எண், என் அலுவலக எண். மேலே ஒரு தாத்தா, கீழே இரண்டு பாட்டிமார், பக்கத்தில் பாதிரியார் ஒருவர். நடுவில் பட்டுப்புடவையில் இந்திராணி அம்மாள்.

ஏழரை மணிக்கு முதல் போன் வந்தது. மூவாரிலிருந்து ஒருவர். "மேடம், கூலாய் இந்திராணி நமக்குத் தூரத்து ஒறவு. எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

அவரிடம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். "சரி சரி, புரியுது. எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

இரண்டாவது போன், மூன்றாவது போன், எல்லாம் அதே கேள்விதான். காரை எடுத்துக்கொண்டு கூலாய்க்கு ஓடினேன்.

ஆறுமுகத்தின் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்ல மனிதர்கள், யாரும் கேட்காமலேயே பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து மலர்வளையம் வந்திருந்தது. மூன்று நாளாக அவர் வேலைக்கு வரவில்லை என்று அறிந்த அதே தொழிற்சாலை. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஆறுமுகம் ஒவ்வொருவரிடமும் போய், "அவ சாகல, காணோம். சாகலங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் அம்மா என் காதருகில் வந்து, "பாவம், அவருக்கு இன்னும் மனசு ஏத்துக்கல" என்றார்.

ஒரு நாற்காலியை இழுத்து அதன்மேல் ஏறி நின்று நானும் சொன்னேன். இந்திராணி அம்மா சாகவில்லை, காணவில்லை, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அழுகை நின்றது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர், "அப்புறம் எதுக்கு லா அந்தப் பக்கத்துல போட்டாங்க?" என்றார். நியாயமான கேள்வி.

மாலதி என் கையைப் பிடித்து வாசல் கேட்டுக்கு வெளியே இழுத்துப் போனாள். "ஆன்ட்டி, யாரு ஆன்ட்டி அந்தப் பக்கத்துல போடச் சொன்னது?"

இளம் நிருபர்களே, நெருக்கடியில் ஒருவருடைய குணம் வெளிப்படும் என்பார்கள். என்னுடையது வெளிப்பட்டது. "தலைமையகம்மா" என்றேன். "நான் செய்திப் பக்கத்துக்குத்தான் அனுப்பினேன். அங்க மாத்திட்டாங்க."

சனிக்கிழமை மூன்றாம் பக்கத்தில் திருத்தம் வந்தது. 'கூலாய் திருமதி இந்திராணி காணாமல் போயுள்ளார், காலமாகவில்லை.' இரண்டு விரல் அகலம். ஒரு வருத்தமும் தெரிவித்திருந்தோம். கல்யாணச் செய்திக்குப் போட்ட அதே வருத்தம்தான், பெயரை மட்டும் மாற்றியிருந்தோம்.

அதற்குப் பிறகு போன் வருவது நின்றது. இரங்கல் போனும் இல்லை, தகவல் போனும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா ஒன்றுக்காகப் பத்து பாகாட் என்ற ஊருக்குப் போனேன். போகிற ஊரிலெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டி விசாரிப்பது எனக்கு அப்போது வழக்கமாகியிருந்தது. செய்த காரியத்துக்குப் பரிகாரம் தேடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் தேநீர்க் கடை. முப்பத்தைந்து வயதிருக்கும். படத்தை நீட்டினேன்.

"இந்த அக்காவா? பாவம், செத்துட்டாங்களே" என்றாள்.

"சாகல. காணோம். பாருங்க, போட்டிருக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். கொட்டை எழுத்தைப் படித்தாள். அவள் முகம் மாறியது. "அலமாக்" என்று பதறினாள். அடுப்பை அணைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, இவங்க இங்க வந்தாங்கக்கா. இவங்கதானான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மொகம் இதே மொகம். வியாழக்கெழம சாயந்தரம். நீலச் சட்ட. பாலும் சீனியும் போடாத தே ஓ கேட்டாங்க. அந்தா அந்த பெஞ்சுலதான் ஒக்காந்திருந்தாங்க. யாரோ வரணும்னு பாத்துக்கிட்டிருக்கிற மாதிரி இருந்துச்சு. மறுநாள் பேப்பரத் தொறந்தா இந்தப் படம். நேத்துத்தானே நம்ம கடையில தண்ணி குடிச்சாங்க, இன்னைக்குச் செத்துட்டாங்களேன்னு எனக்கு நெஞ்சே அடச்சுப்போச்சு. சாமி கும்பிட்டேன்க்கா அவங்களுக்கு."

"அதுல நம்பர் இருந்துச்சேம்மா. ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"செத்தவங்கள நேத்துப் பாத்தேன்னு யாருக்குக்கா போன் பண்றது?" என்றாள். "அந்தப் பக்கத்துல நான் மொகத்தத்தான் பாப்பேன். எழுத்தப் படிக்க மாட்டேன்."

திருத்தம் பார்த்தாளா என்று கேட்டேன். அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்றாள். இதோடு முடிந்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். அவள் முடிக்கவில்லை.

"சனிக்கெழம காலையில திரும்ப வந்தாங்கக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. செத்தவங்க எப்படி வருவாங்க? அப்ப இது வேற ஆளு, அதே சாயல்னு நெனச்சேன். ரெண்டு பழம் சும்மா குடுத்தேன். அப்புறம் மனசு கேக்காம, 'அக்கா கோச்சுக்காதீங்க, ஒங்கள மாதிரியே ஒருத்தங்க செத்துட்டாங்க, பாருங்க'ன்னு அந்தப் பேப்பர எடுத்துக் காட்டுனேன்."

அவளே சொன்னாள்.

"வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. 'இந்தப் பேப்பர நான் வச்சுக்கலாமா'ன்னு கேட்டாங்க. பழைய பேப்பர்தானே, எடுத்துக்குங்கன்னேன். நாலா மடிச்சு பையில வச்சாங்க. அதுக்குள்ள கூட்டம் வந்துருச்சு. பொரிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா ஆளு இல்ல."

"எந்த பஸ்ஸுல ஏறுனாங்க?"

"பஸ்ஸா, நடந்தாங்களா, எதுவும் தெரியலக்கா." அவள் அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்ற எனக்கு என்ன தகுதி இருந்தது?

அன்று மத்தியானமே அவளைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய் வாக்குமூலம் கொடுக்க வைத்தேன். பரிசளிப்பு விழாவுக்குப் போகவில்லை. போலீஸார் நன்றாகவே விசாரித்தார்கள். ஆனால் கேமராப் பதிவு மூன்று வாரத்துக்கு நிற்காது. முதியோர் இல்லங்கள், கோயில்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமையே ஒரு போன் வந்திருந்தால் சனிக்கிழமை காலை அந்த பெஞ்சில் மாலதி உட்கார்ந்திருப்பாள். அந்தப் போன் ஏன் வரவில்லை என்று அப்போது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் அந்தக் கடைக்காரிக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கணக்கு சரிதான். அந்தப் பெண் அந்தப் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பாள். பதினாலாம் பக்கத்து மூலையில் நாலு வரி போட்டிருந்தால் இந்திராணி அம்மாளின் முகமே அவளுக்குத் தெரிந்திருக்காது. இதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பல நாள் முயன்றேன். ஒரு நாளும் நடக்கவில்லை. சுபாவுக்கு ஒரே நொடியில் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதே என்பதுதான் மிஞ்சியது. ஒரு முகம் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அதுதான் செய்தி. பக்கத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் அது பிறகுதான். உங்களைவிடச் சின்னவர் யாராவது "எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கட்டுமா" என்றால், அவருக்குப் பயம் என்று நினைக்காதீர்கள். உங்களுக்குப் பயம் இல்லாததுதான் அங்கே பிரச்சினை.

அன்று மாலையே பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். மாலதி பாலத்தைத் தாண்டி வந்து அப்போதுதான் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடைக்காரி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பேப்பரை மடித்துப் பையில் வைத்தது வரைக்கும்.

அவள் முதலில் கேட்டது, "அந்தப் பழத்த அம்மா சாப்பிட்டாங்களா ஆன்ட்டி?" என்பதுதான். கடைக்காரியிடம் நான் அதைக் கேட்கவில்லை. தெரியாது என்றேன். முப்பது வருஷம் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான்.

பிறகு நான் சொன்னேன். "அந்தப் பக்கத்துல போடச் சொன்னது தலைமையகம் இல்லம்மா. நான்தான். அங்க வேணாம்னுதான் சொன்னாங்க."

"தெரியும் ஆன்ட்டி" என்றாள். "அன்னைக்கே கோலாலம்பூருக்குப் போன் பண்ணேன். பக்கம் போடுற அக்காதான் எடுத்தாங்க. 'என் தப்புதாங்க, நான்தான் போட்டேன்'னு அழுதாங்க. யாரு சொல்லிப் போட்டீங்கன்னு கேட்டேன். பதிலே சொல்லல. பேரச் சொல்லாம அப்படி அழறாங்கன்னா யாருன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. மாலதி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் சுபாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா, ஞாயித்துக்கெழமப் பக்கத்துக்குப் படம் அனுப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

இந்திராணி அம்மாள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. தானே போனாரா, ஏதாவது குழப்பத்தில் வழி தவறினாரா, அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியது, பஸ் நிலையத்தில் இருந்தது அவர்தானா, எதற்கும் விடை இல்லை. சில சமயம், வீட்டில் தன்னைச் செத்தவளாக எண்ணி முடித்துவிட்டார்கள் என்று அவர் நினைத்திருப்பாரோ என்று தோன்றும். அப்போது எனக்குச் சோறு இறங்காது. இதற்குத் திருத்தம் எந்தப் பக்கத்தில் போடுவது?

நான் ஓய்வு பெறவிருந்த மாதத்தில், ஒரு புதன்கிழமை இரவு ஆறுமுகம் காலமானார். வியாழன் காலை பதினோரு மணிக்கு மாலதி படியேறி வந்தாள். நான் படிவத்தை எடுக்கவில்லை. அவளே கேட்டு வாங்கி, உட்கார்ந்து எழுதினாள். பெயர், வயது, ஊர். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். மனைவி என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரிக்கு வழக்கமா என்ன போடுவீங்க ஆன்ட்டி?"

உயிரோடு இருந்தால் வெறும் பெயர். முன்பே போயிருந்தால் பெயருக்கு முன்னால் 'அமரர்'. இந்த இரண்டைத் தவிர எங்களிடம் வழக்கம் ஒன்றும் இல்லை. வேண்டுமானால் அந்த வரியையே எடுத்துவிடலாம், சிலர் அப்படிச் செய்வார்கள் என்றேன். ஒரு யோசனையும் சொல்லாதே என்று என்னையே அதட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவள் எழுதினாள். 'மனைவி: இந்திராணி.' வேறொன்றும் இல்லை. தொடர்புக்குத் தன் எண்ணை எழுதினாள், அம்மாவைக் காணோம் என்று வந்த அன்று கொடுத்த அதே எண். "சிங்கப்பூர் நம்பருக்கு மாறிடலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான்தான் மாத்தல" என்றாள். பிறகு, "நாளைக்கு வந்துரும்தானே? பேப்பர்ல வந்தப்புறம்தான் எடுக்கப் போறோம். சாயந்தரம் நாலு மணின்னு போடுங்க" என்றாள்.

இப்போதெல்லாம் செய்தி வாட்ஸ்அப்பில் பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் போய்விடுகிறது. பேப்பரில் வருவதற்காக ஒரு நாள் யாரும் காத்திருப்பதில்லை. சொந்தக்காரர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். எல்லாருக்கும்தான் தெரிஞ்சு போச்சே, இன்னும் யாருக்கு லா தெரியணும் என்று அவள் சித்தப்பா கேட்டாராம்.

பக்கத்தின் நடுவில் போடச் சொல்லி சுபாவிடம் கேட்டேன். இந்த முறை ஆசிரியரிடமும் கேட்டேன். வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று கூலாய்க்குப் போனேன். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு போனையும் மாலதி முதல் மணி அடித்ததுமே எடுத்தாள், வேறு யாரையும் எடுக்க விடவில்லை. குரலைக் கேட்டதும், "நாலு மணி, வாங்க" என்று சொல்லி வைத்தாள்.

நாலு மணி ஆயிற்று. எல்லாம் தயாராக இருந்தது. குருக்கள் மாலதியைப் பார்த்தார். அவள் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை ஆயிற்று. மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் முணுமுணுத்த சித்தப்பா எழுந்து வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஏன் எடுக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு எடுத்தார்கள்.